தூவும் மட்டி, தூண்டிலிடும் மட்டி

ஆற்று நீர் ஒரு பக்கமாகத்தான் ஓடும். மீனுக்கு அதில் கவலையில்லை, எதிர்த்து நீந்தும். ஆற்றுப் பூச்சிக்கும் கவலையில்லை. புழுவாய் இருக்கையில் வெள்ளம் கீழே இழுத்துப்போனாலும், இறக்கை முளைத்ததும் மேலே பறந்துபோய் முட்டையிட்டுவிடும். மட்டி என்ன செய்யும்? இரண்டு ஓடு, நடுவில் நாக்குப்போல ஒரு சதைக்கால். அதை மணலில் ஊன்றி இழுத்து இழுத்து நகர்ந்தால் நாளுக்குச் சில அடி போனாலே பெரிது. அதன் குஞ்சுகள் தலைமுறைதோறும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கீழே அடித்துச் செல்லப்பட்டிருந்தால், உலகத்து ஆற்று மட்டி எல்லாம் என்றோ முகத்துவாரத்தில் குவிந்து உப்புநீரில் செத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மலையடிவாரத்து ஓடையிலும் மட்டி கிடக்கிறது.

காரணம் மீன். நன்னீர் மட்டியின் குஞ்சு தாயை விட்டு வெளியே வந்ததும் மீனின் செவுளில் ஏறிக்கொள்கிறது. மீன் நீந்துகிற பக்கமெல்லாம் அதுவும் போகிறது. சில வாரமோ பல மாதமோ கழித்து, மீன் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறதோ அங்கே இறங்கிக்கொள்கிறது. நம் ஏரி குளங்களின் சேற்றில் காலில் தட்டுப்படும் கறுத்த மட்டிகளும் இதே குலம்தான், இதே வழக்கம்தான். முத்து என்றால் நமக்கு நினைவு வருவது கொற்கையும் மன்னார் வளைகுடாவும். அந்தக் கடல் முத்துச்சிப்பியின் குஞ்சுக்கு மீன் தேவையில்லை. அது தானே நீரில் மிதந்து வளர்ந்துவிடும். மீனின் தயவில் பிழைப்பது ஆற்றுக்காரர்களின் தலையெழுத்து.

இதை மனிதர் கண்டுகொள்ள வெகுகாலம் ஆனது. 1797-இல் ரத்கே என்ற விலங்கியலாளர் மட்டியின் செவுளைப் பிரித்துப் பார்த்தபோது, அதற்குள் இரண்டு ஓடு கொண்ட நுண்ணுயிர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மட்டியைத் தின்ன வந்த ஒட்டுண்ணி என்று எண்ணி, குளோக்கிடியம் பாரசிட்டிகம் என்று தனிப்பெயரும் வைத்துவிட்டார். அவை அந்தத் தாயின் சொந்தப் பிள்ளைகள். மீனின் உடலில் அவை ஒட்டியிருப்பதை லெய்டிக் கண்டது 1866-இல். ஒட்டுண்ணி என்றது தப்பில்லை, யாருக்கு ஒட்டுண்ணி என்பதில்தான் பிழை. குளோக்கிடியம் என்ற பெயர் மட்டும் அந்தக் குஞ்சுக்கு நிலைத்துவிட்டது.

மீனைப் பிடிப்பது எப்படி என்பதில் மட்டிக்கு மட்டி வழி வேறு. இரண்டு கோடிகளில் நிற்கும் இரண்டு மட்டிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஐரோப்பாவின் ஆற்று முத்துமட்டி. லின்னேயஸ் 1758-இல் பட்டியலிட்டது. இப்போதைய அறிவியல் பெயர் மார்கரிட்டிஃபெரா மார்கரிட்டிஃபெரா. முத்துச் சுமப்பது, முத்துச் சுமப்பது என்று இரண்டு தரம் சொல்கிற பெயர். ஸ்பெயினிலிருந்து ஸ்காண்டிநேவியா, ரஷ்யாவின் வடமேற்கு வரை பரவியது. வட அமெரிக்காவின் கிழக்கோரத்திலும் உண்டு. சுண்ணாம்புச் சத்து குறைந்த, குளிர்ந்த, தெளிந்த நீர்தான் அதற்கு வேண்டும். கறுத்து நீண்ட ஓடு, 12 முதல் 15 சென்டிமீட்டர். மற்றது அமெரிக்காவின் மேல் மிசிசிப்பியில் வாழும் ஹிக்கின்ஸ் கண் மட்டி, லாம்ப்சிலிஸ் ஹிக்கின்சியை. 1857-இல் ஐசக் லீ விவரித்தது. அகன்ற பேராற்றுக்காரி. மஞ்சள் கலந்த பழுப்பு ஓட்டில் பச்சைக் கீற்றுகள் ஓடும். 10 சென்டிமீட்டர் இருந்தால் பெரியது.

இரண்டும் இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றன. இரண்டையும் மனிதர் தொட்டிகளில் வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். செய்தியாகப் படித்தால் ஒரே கதைபோலத் தெரியும். அப்படி ஒன்றாகக் கட்டிவைப்பது தவறு என்பது என் எண்ணம். இரண்டுக்கும் வந்த நோய் வேறு, அதனால் மருந்தும் வேறு. அது புரிய வேண்டுமானால் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

முத்துமட்டியில் ஆண் வேறு, பெண் வேறு. கோடைத் தொடக்கத்தில் ஆண் தன் விந்தணுக்களை நீரில் விடுகிறது. கீழே இருக்கும் பெண் மூச்சிழுக்கும் நீரோடு அதையும் உள்ளே இழுக்கிறது. கூட்டம் அருகிப்போய்த் தனித்துவிட்ட பெண் இருபால் உயிராக மாறித் தானே கருவுறுவதும் உண்டு. சில வாரம் செவுளில் அடைகாத்தபின், கோடை முடியும் தறுவாயில், ஓர் ஆற்றின் மட்டிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஓரிரு நாளுக்குள் தம் குஞ்சுகளை வெளியே தள்ளுகின்றன. ஒரு தாயிடமிருந்து 10 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்குகூடத் தேறுமோ தேறாதோ. சொட்டுப் பால் கலந்ததுபோல நீர் வெளுக்கும். அவ்வளவுதான் தாயின் வேலை. இனி அந்தத் தூசுகளின் பாடு. சில நாளுக்குள் ஒரு சால்மன் குஞ்சோ டிரவுட் குஞ்சோ அதை மூச்சோடு உள்ளிழுக்க வேண்டும். செவுள் இழையில் அதன் இரு ஓடும் கவ்விக்கொள்ள வேண்டும். (ஆங்கிலேயர் நீலகிரி அவலாஞ்சி நீர்களில் கொண்டுவந்து விட்ட டிரவுட்டின் உறவுக்கார மீன்தான் இது.) வேறு மீன் ஆகாது. ஏற்கெனவே ஒருமுறை இந்தச் சுமை சுமந்த மீனும் ஆகாது, அதன் உடல் எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்கும். ஆகவே இளமீன்தான் உத்தமம். தூவப்பட்டதில் பத்து இலட்சத்துக்குச் சிலவே செவுள் சேர்கின்றன. மற்றதெல்லாம் ஆற்றோடு போயிற்று.

காற்றில் மகரந்தத்தைத் தூற்றிவிட்டு வேடிக்கை பார்க்கும் சோளப் பயிரின் பொருளாதாரம் இது. மிசிசிப்பிக்காரி அப்படி வாரியிறைப்பவள் அல்லள்.

ஹிக்கின்ஸ் கண் மட்டி கோடைக் கடைசியில் கருவுற்று, குஞ்சுகளைச் செவுளிலேயே குளிர்காலம் முழுவதும் வைத்திருந்து, அடுத்த வேனிலில் விடுகிறது. அதன் பெண்ணைப் பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம். ஓட்டின் பின்பக்கம் உப்பியிருக்கும். பருவம் வந்ததும் ஓட்டின் வாயிலிருந்து ஒரு சவ்வு மடல் வெளியே நீள்கிறது. ஒரு முனையில் கண்போல ஒரு கரும்புள்ளி. மறுமுனை வால். ஓரங்களில் துடுப்பு மாதிரி மடிப்பு. அது விட்டுவிட்டுத் துடிக்கும்போது ஓடைக்கெண்டை ஒன்று எதிர்நீரில் நின்றபடி நீந்துவதுபோல இருக்கும். அந்த வழியே பாஸ் மீன் வருகிறது, அல்லது வால்ஐ மீன் வருகிறது. இரை என்று பாய்ந்து கடிக்கிறது. குஞ்சு நிறைந்த செவுள்பை மடலுக்கு நேர் பின்னால்தான் இருக்கிறது. கடித்த வேகத்தில் அது கிழிந்து, வாய்கொள்ளாத குஞ்சுகள் நேரே செவுளுக்குப் போகின்றன. இரை தேடி வந்த மீன் ஒரு பிரசவ வார்டைச் சுமந்துகொண்டு திரும்புகிறது.

மட்டிக்குப் பார்வை கிடையாது. ஒளி நிழல் தெரியும், உருவம் தெரியாது. தன் மடல் எந்த மீனின் சாயலில் இருக்கிறது என்பதை எந்தத் தாயும் பார்த்ததில்லை. அந்தச் சாயலை வரைந்தது பாஸ் மீனின் கண். கொஞ்சம் மீன்போல இருந்த மடலைக் கடித்தது, மீன்போல இல்லாததை விட்டது. எத்தனையோ ஆயிரம் தலைமுறைக்கு இப்படியே கடித்தும் விட்டும் ஓவியம் முடிந்திருக்கிறது.

மீன்மேல் ஏறியபின்னும் இரண்டின் போக்கு வேறுவேறு. மிசிசிப்பிக் குஞ்சு கால் மில்லிமீட்டர் அளவில் பிறக்கிறது, முத்துமட்டிக் குஞ்சைவிட மூன்று நான்கு மடங்கு பெரிது. கோடை வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் செவுளில் தங்கி, உள்ளுறுப்புகளைத் திருத்திக்கொண்டு, ஏறக்குறைய வந்த அளவிலேயே இறங்கிவிடுகிறது. பேருந்துப் பயணி. முத்துமட்டிக் குஞ்சோ குடியிருக்கவே வந்தது. செவுள்சதை மூடிய கூட்டுக்குள் இலையுதிர்காலம், பனிக்காலம் எல்லாம் கழிந்து, அடுத்த மே, ஜூன் மாதத்தில்தான் விழும். ஒன்பது பத்து மாதம், மனிதக் கணக்கில் ஒரு முழுக் கர்ப்பம். அதற்குள் ஆறு மடங்கு வளர்ந்து 0.4 மில்லிமீட்டர் ஆகியிருக்கும். தாய் கொடுத்தனுப்பாத சாப்பாட்டை மீன் போட்டிருக்கிறது.

விழுந்ததும் சரளைக்குள் புதைகிறது. முத்துமட்டியின் வாழ்வில் மிகவும் இக்கட்டான காலம் இங்கேதான் தொடங்குகிறது. சுமார் ஐந்து ஆண்டு அது மேலே தலைகாட்டாது. கூழாங்கற்களின் இடுக்கில், இருட்டில், கற்களுக்கிடையே கசிந்து ஓடும் நீரை நம்பி வளர்கிறது. அந்தக் கசிவு நீரில் மேலே ஓடும் நீருக்குச் சமமான ஆக்சிஜன் இருந்தாக வேண்டும். பிறகு மேலே வந்து பாதி உடல் புதைத்து நின்றுகொள்ளும். தாய் தந்தையாக 10, 15 வயது ஆகும். அதன்பின் நூறாண்டு வாழும். வடக்கே குளிர்நாடுகளில் 200 தாண்டியவையும் உண்டு. ஓட்டின் ஆண்டு வளையங்களைக் கொண்டு பழைய காலத்து நீரின் வெப்பத்தைக்கூட ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மரத்துக்கு வளையம்போல மட்டிக்கும்.

இந்த நீண்ட ஆயுள்தான் நம்மை ஏமாற்றியது.

அடியில் கண்ணாடி பதித்த வாளியை நீர்மேல் வைத்து அதன்வழியே படுகையைப் பார்த்து எண்ணுவார்கள். அப்படி எண்ணியபோது ஆறுகளில் ஆயிரக்கணக்கில் முத்துமட்டி நின்றது. கணக்கேட்டில் வளமான ஆறு. யாரோ ஒருவருக்கு வயதைப் பார்க்கத் தோன்றியபோதுதான் வயிறு கலங்கியிருக்கும். எல்லாம் 50, 70, 90 வயது. சின்னது ஒன்றும் இல்லை. நம் பக்கத்துச் சில கிராமங்களில் பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட, திண்ணைதோறும் கிழவர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பார்களே, அந்தக் காட்சி. இங்கே பிள்ளைகள் வெளியூர் போகவில்லை. 30, 40 ஆண்டாக ஒரு பிள்ளையும் தங்கவில்லை. மத்திய ஐரோப்பாவில் 20-ஆம் நூற்றாண்டுக்குள் முத்துமட்டியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. மிச்சம் நின்ற கூட்டங்களிலும் பல, இனம் என்ற பொருளில் ஏற்கெனவே முடிந்தவை. உயிர்தான் இன்னும் போகவில்லை.

முதியவை கருவுறாமல் போயினவா? இல்லை, ஆண்டுதோறும் வெண்புகை போலக் குஞ்சுகளை விட்டுக்கொண்டுதான் இருந்தன. மீன் அற்றுப்போயிற்றா? சில ஆறுகளில் தடுப்பணைகள் சால்மனை நிறுத்திவிட்டது உண்மை. மற்றவற்றில் டிரவுட் தாராளமாய் இருந்தது, செவுளில் குஞ்சும் இருந்தது. போனது தொட்டில். மலைச்சரிவுகளில் ஸ்ப்ரூஸ் மரம் நட வடிகால் வெட்டினார்கள். மேய்ச்சல் மாடுகள் கரையை மிதித்துச் சரித்தன. வயலிலிருந்து நுண்மண்ணும் உரமும் வந்தன. உரத்தால் பாசி தழைத்து, அழுகி, சேறாகியது. எல்லாம் சேர்ந்து கூழாங்கல் இடுக்குகளை அடைத்தன. மேலே நீர் கண்ணாடிபோலத் தெளிவாகத்தான் இருந்தது. தூண்டில்காரனுக்கும் சுற்றுலாக்காரனுக்கும் அது சுத்தமான ஆறு. இரண்டு அங்குலம் கீழே மூச்சுவிடக் காற்று இல்லை. வளர்ந்த மட்டிக்கு மூச்சுக்குழல் நீரோட்டத்தில் இருப்பதால் அது பிழைத்தது, சரளைக்குள் இருந்த பிள்ளை மட்டும் மூச்சுமுட்டிச் செத்தது.

மிசிசிப்பியில் நடந்த அழிவு இப்படி மறைவாய் நடக்கவில்லை. பட்டப்பகலில், கூலிக்கு ஆள் வைத்து நடந்தது.

ஐரோப்பாவில் மட்டியைத் தேடியவர்கள் முத்துக்காகத் தேடினார்கள். ஆயிரக்கணக்கில் திறந்தால்தான் நல்ல முத்து ஒன்று அகப்படும். ஆகவே அரசர்கள் அதைத் தம் உரிமையாக்கிக் காவல் போட்டார்கள். சாக்சனியில் 1621 முதல் முத்தெடுப்பது மன்னரின் ஏகபோகம். ஷ்மிர்லர் என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாய் அந்த வேலையைப் பார்த்தது. மட்டியைக் கொல்லாமல் ஒரு கருவியால் ஓட்டை லேசாகத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது கைவந்த முத்தெடுப்போர் வழக்கம். கை பழகாதவர்கள் உடைத்துப் போட்டார்கள். ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் 1967-இல் பில் அபர்னெத்தி என்பவர் எடுத்த பெருமுத்து பேர்பெற்றது. அது செய்தியானதும் சும்மா இருந்தவனெல்லாம் கத்தியோடு ஆற்றில் இறங்கினான் என்பார்கள். பிரிட்டனில் 1998-இல்தான் முழுத் தடை வந்தது. திருட்டுத்தனமாய் இன்றும் திறந்து போட்ட ஓடுகள் கரையில் கிடைக்கின்றன.

மிசிசிப்பிக்காரர்களுக்கு முத்து இரண்டாம்பட்சம். அவர்களுக்கு வேண்டியது ஓடு. ஜான் பெப்பிள் என்ற ஜெர்மானியப் பொத்தான் கைவினைஞர் 1891-இல் அயோவா மாநிலத்து மஸ்கட்டைன் ஊரில் பட்டறை போட்டார். மட்டி ஓட்டில் வட்டம் வட்டமாய் அறுத்து, வழுவழுப்பாக்கித் துளையிட்டால் சட்டைக்குப் பொத்தான். 1905 வாக்கில் அந்த ஊர் ஓராண்டில் 150 கோடி பொத்தான் செய்தது. நீண்ட கம்பியில் வரிசையாய்க் கொக்கிகளைத் தொங்கவிட்டுப் படகிலிருந்து ஆற்றடியில் இழுப்பார்கள். வாய் திறந்து கிடக்கும் மட்டி கொக்கி பட்டவுடன் மூடிக்கொள்ளும். எதிரியைத் தடுக்க மூடிய வாய் எதிரியையே கவ்விக்கொண்டு மேலே வரும். ஹிக்கின்ஸ் கண் மட்டி என்றுமே பெருங்கூட்டமாய் இருந்ததில்லை. ஆனால் கொக்கி அருமையானது, மலிந்தது என்று பார்க்குமா?

வேடிக்கை என்னவென்றால், மட்டியின் வாழ்க்கையை அமெரிக்காவில் ஆழ்ந்து படிக்க வைத்தவர்கள் இந்தப் பொத்தான்காரர்கள்தான். சரக்கு குறைந்ததும் அரசிடம் முறையிட்டார்கள். 1908-இல் அயோவாவின் ஃபேர்போர்ட்டில் ஆய்வு நிலையம் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. எந்த மட்டிக்கு எந்த மீன், செவுளில் எத்தனை நாள், எப்படிக் குஞ்சை மீனில் ஏற்றுவது என்பதெல்லாம் அங்கே பொத்தானுக்காகக் கற்றவை. பெப்பிளும் கடைசிக் காலத்தில் அரசின் மட்டி வேலைக்கே வந்து சேர்ந்தார். ஆற்றில் நடந்தபோது மட்டி ஓடு காலைக் கிழித்து, அது சீழ்வைத்து 1912-இல் இறந்தார். பிறகு பிளாஸ்டிக் வந்து பொத்தான் பட்டறைகளை மூடியது. ஆனாலும் ஓட்டின் மதிப்பு போய்விடவில்லை. ஜப்பானியர் கடற்சிப்பியில் முத்து விளைவிக்க உள்ளே கருவாக வைக்கும் மணி, மிசிசிப்பி வட்டாரத்து மட்டி ஓட்டில் கடைந்தெடுத்தது. காதில் ஜொலிக்கும் எத்தனையோ வளர்ப்பு முத்துக்குள் ஓர் அமெரிக்க ஆற்று மட்டியின் துண்டு இருக்கிறது.

ஹிக்கின்ஸ் கண் மட்டி 1976-இல் அமெரிக்காவின் அழிநிலைப் பட்டியலில் சேர்ந்தது. கொக்கிக்காரர்களிடம் தப்பியதற்கு அடுத்த எதிரி கப்பல் வழியே வந்தான். கருங்கடல், காஸ்பியன் வட்டாரத்து வரிக்குதிரை மட்டி, நகம் அளவே இருக்கும் கோடு போட்ட மட்டி, கடல்தாண்டி வந்த கப்பல்களின் அடிப்பாரத் தண்ணீரில் ஏறி 1988-இல் அமெரிக்கப் பேரேரிகளில் தட்டுப்பட்டது. 1991-க்குள் மிசிசிப்பியில் இறங்கிவிட்டது. இது எதன்மேலும் நார்விட்டு ஒட்டும். உயிருள்ள மட்டியின் ஓட்டிலும் ஒன்றன்மேல் ஒன்றாய் நூற்றுக்கணக்கில் ஒட்டி, அது வாய் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். விஸ்கான்சினில் ப்ரேரி டு ஷீன் அருகே ஹிக்கின்ஸ் கண் மட்டியின் பேர்பெற்ற படுகை ஒன்று இருந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரிக்குதிரை மட்டி அதைப் பாழாக்கியது.

தொடக்கத்தில் கேட்ட கேள்வியை இந்த வந்தேறியிடமும் கேட்டுப் பார்க்கலாம். அதன் குஞ்சு மீனில் ஏறாது, நீரோடு மிதக்கும். மிதந்தால் கீழேதானே போகும்? போகும். பார்ஜ் படகுகளின் அடியில் ஒட்டி வளர்ந்தவை மேலே வருகின்றன. ஹிக்கின்ஸ் கண் மட்டிக்கு பாஸ் எப்படியோ, இதற்கு பார்ஜ் அப்படி. மிசிசிப்பியில் பார்ஜ் ஓட வேண்டும் என்பதற்காகவே அமெரிக்க இராணுவப் பொறியியல் படை அணைப்பூட்டுகள் கட்டி ஒன்பதடி ஆழத்துக்குக் கால்வாயைப் பராமரிக்கிறது. சட்டம் இங்கே வேலை செய்தது. அந்தக் கால்வாயை இப்படியே நடத்தினால் இந்த மட்டி இனம் அழியும் என்று வனவுயிர்த் துறை 2000-இல் எழுத்தில் கருத்துச் சொல்லிவிட்டது. கால்வாயை நடத்துகிறவர்களே மட்டியைக் காக்கவும் செலவிட வேண்டியதாயிற்று.

அதில் பிறந்ததுதான் ஜெனோவா மீன்பண்ணையின் வேலை. பண்ணை இருப்பது விஸ்கான்சினில். கருவுற்ற பெண்மட்டியை எடுத்து, குஞ்சைத் தொட்டி மீன்களின் செவுளில் ஏற்றி, அந்த மீன்களைக் கூண்டில் வைத்து ஆற்றில் இறக்குவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சு கூண்டின் தரையில் உதிரும், மீனைத் திறந்துவிடுவார்கள். கூண்டுத் தரையில் மட்டி தானே வளரும். ஓரிரு ஆண்டில் தூக்கிப் பார்த்து எண்ணி, நல்ல படுகையில் விதைப்பார்கள். ஃபேர்போர்ட்டில் பொத்தானுக்காகக் கற்ற கைவேலையே இது.

விதைக்கத் தேர்ந்த இடங்களில் ஒன்று மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களை ஒட்டிய ஆற்றுப் பகுதி. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த நகரங்களின் சாக்கடை விழுந்து, மட்டி ஏறக்குறைய இல்லாமல் செத்துக் கிடந்த நீர் அது. சுத்திகரிப்பு வந்து, 1972-இன் தூய நீர்ச் சட்டமும் வந்தபின் ஆறு தேறியது. கீழே பெப்பின் ஏரியில் பெருகும் வரிக்குதிரை மட்டியின் குஞ்சு நீரோட்டத்தை எதிர்த்து அங்கே ஏற முடியாது. நகரத்துச் சாக்கடை கொன்ற இடமே அடைக்கலம் ஆனது. இந்த ஒரு திருப்பத்துக்காகவே இந்தக் கதையை எனக்குப் பிடிக்கும்.

ஆகவே மிசிசிப்பி வேலையை மறுகுடியமர்த்தல் என்று சொல்லலாம். ஆபத்தான ஊரிலிருந்து ஆளைக் கிளப்பி வேறு ஊரில் வைப்பது. புதிய இடத்தில் குஞ்சு தானே வளர்ந்துகொள்ளும். முத்துமட்டிக்கு இது பொருந்தாது. எந்த ஆற்றில் கொண்டுபோய் வைப்பது? தொட்டில் எல்லா இடத்திலும் அடைபட்டிருக்கிறதே.

அதனால் அங்கே நடப்பது தீவிர சிகிச்சை. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிக்கரையில் நன்னீர் உயிரியல் சங்கத்தின் வளர்ப்பகம், வட அயர்லாந்தின் பாலிண்டெரி, லக்சம்பர்க்கில் அவர் (Our) என்ற ஆற்றின் கரையிலுள்ள கால்போர்ன் ஆலை, இப்படிச் சில இடங்கள். டிரவுட் செவுளில் குஞ்சை ஏற்றிப் பத்து மாதம் மீனைப் போற்ற வேண்டும். உதிரும் பருவத்தில் தண்ணீரை மெல்லிய சல்லடைகளில் வடித்து, உப்புப்பொடி அளவுக் குஞ்சுகளைப் பொறுக்க வேண்டும். பிறகு சின்னப் பெட்டிகளில் ஆற்றுநீரும் இலைமக்கும் இட்டு, நுண்ணோக்கி வைத்து எண்ணி, வாராவாரம் நீர் மாற்ற வேண்டும். இப்படி ஆண்டுக்கணக்கில். சரளை செய்ய வேண்டிய வேலையை மனிதர் கையால் செய்கிறார்கள். மூச்சுமுட்டும் வயதைத் தாண்டிவிட்ட மட்டியைத்தான் ஆற்றில் விட முடியும். அது வளரும், குஞ்சும் விடும். அந்தக் குஞ்சு விழும் சரளை பழையபடி அடைபட்டிருந்தால் மறுபடி பெட்டிதான்.

பெட்டியை நான் குறைசொல்லவில்லை. அது இல்லாவிட்டால் சில ஆறுகளில் இனமே மிஞ்சாது. ஆனால் படம் எடுக்க அழகாயிருப்பது பெட்டி, பலன் தருவது மண்வெட்டி. ஜெர்மனியின் லுனேபுர்க் புல்வெளியில் லுட்டர் என்று ஒரு சிற்றாறு. அங்கே கிளையோடைகளில் மணல் பிடிக்கும் குட்டைகள் வெட்டினார்கள், கரையோர நிலத்தை உழவிலிருந்து விடுவித்தார்கள், குஞ்சேற்றிய டிரவுட்டையும் விட்டார்கள். பல்லாண்டுக்குப் பின் படுகையில் இளமட்டி தென்பட்டது. இங்கிலாந்தின் மிகப்பெரிய முத்துமட்டிக் கூட்டம் இருக்கும் ஏஹென் ஆற்றில் சிக்கல் வேறுவிதம். அதன் தலைமாட்டு எனர்டேல் ஏரியிலிருந்து ஊர்களுக்குக் குடிநீர் எடுத்ததால் வறட்சியில் ஆறு மெலிந்து மட்டி செத்தது. தர்ல்மியர் ஏரியிலிருந்து நீண்ட குழாய் போட்டு, எனர்டேலில் கைவைப்பதை நிறுத்தினார்கள். குற்றவாளி ஒருவர் என்றால், நீர் நிறுவனமோ இராணுவப் பொறியியல் படையோ, பிடித்து உட்காரவைத்துப் பேசலாம். நுண்மண்ணுக்கு முகவரி இல்லை. மலைமேல் நூறு பண்ணை, ஆயிரம் வடிகால், யாரும் சட்டத்தை மீறவில்லை, ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி மண்தான் விட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 வாழிட நெறிமுறை முத்துமட்டி வாழும் ஆற்றை நன்றாகவே காக்கச் சொல்கிறது. ஆற்றுக்கு மேலே இருக்கும் மலையிடம் போய் அதைச் சொல்வதுதான் கடினம்.

தாமதத்தின் விலை என்ன என்பது அமெரிக்காவில் தெரிந்துவிட்டது. 2023 அக்டோபரில் அழிநிலைப் பட்டியலிலிருந்து 21 உயிரினங்களை, இனி இல்லை என்று நீக்கினார்கள். அதில் எட்டு நன்னீர் மட்டிகள்.

முத்துமட்டிக்கு அப்படி ஒரு நாள் சட்டென்று வராது, கிழங்கள் இன்னும் பல பத்தாண்டு நிற்கும். அது நமக்கு அவகாசம் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அவகாசத்தை அளக்க நம்மிடம் இருக்கும் கோல் மிகச் சின்னது. பாதுகாப்புத் திட்டத்துக்கு ஐந்தாண்டு பணம் கிடைத்தால் பெரிது. இன்று செவுளிலிருந்து உதிர்ந்த குஞ்சு அந்த ஐந்தாண்டு முடியும்போது சரளையிலிருந்து மேலே வந்திருக்குமா என்பதே சந்தேகம். அது தாயாவதற்குள் வளர்த்தவர் ஓய்வு பெற்றிருப்பார். அபர்னெத்தி அந்தப் பெருமுத்தை எடுத்த 1967 கோடையில் டிரவுட் செவுளிலிருந்து டே ஆற்றில் விழுந்து பிழைத்த மட்டி ஒன்று இருக்குமானால், அதற்கு இப்போது நடுவயது.